மூன்று வாரம், நாற்பது வீடு: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, உறவையும் பழைய நட்பையும் பார்க்கச் சொந்த நாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். விசா, சுங்கம், மருந்து ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதால், எங்கும் பொருந்தக்கூடியதை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 22 நாள் விடுமுறை. பார்க்க வேண்டியவர்கள் பட்டியல் 40 வீட்டைத் தாண்டிவிட்டது. போன தடவை எல்லா வீட்டுக்கும் போனேன், ஒரு வீட்டிலும் நிம்மதியாக உட்காரவில்லை. இந்த முறை எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் 22 நாளை மறந்துவிடுங்கள். போக வர 2 நாள், தூக்கம் சீராகும் வரை அரைகுறையாகப் போகும் 3 நாள், வங்கி, பத்திரம், அடையாள அட்டை என்று தவிர்க்க முடியாத வேலைக்கு 3 நாள், பெட்டி கட்ட 1 நாள். மிச்சம் 13. அதிலும் வாரத்துக்கு ஒரு நாளாவது காலியாக இருக்க வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், மழை வரும், போன வீடு பூட்டியிருக்கும். ஆக, கையில் இருப்பது 10 அல்லது 11 நாள். நாளுக்கு இரண்டு வீடு என்றால் 22 வீடு. நாற்பதை அதற்குள் திணித்தால் போன தடவை நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். அடுத்த தடவை வரும்போது இருப்பார்களா என்று தெரியாதவர்கள், அதாவது முதியவர்களும் நோயாளிகளும் முதல் வகை. நீங்கள் மனம்விட்டுப் பேச ஆசைப்படுகிறவர்கள் இரண்டாம் வகை. போகாவிட்டால் வருத்தப்படுவார்கள் என்பதற்காகவே பட்டியலில் இருப்பவர்கள் மூன்றாம் வகை. இந்தப் பிரிப்பை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், யார் கையிலும் சிக்கக் கூடாது.

முதல் வகையினரை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். பலர் இவர்களைக் கடைசியில் வைக்கிறார்கள், “நிதானமாகப் போகலாம்” என்று. போகும் அன்று அவர் மருத்துவமனையில் இருந்தாலோ, மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலோ மறுபடி போக நாள் இருக்காது. கூட இருந்து கவனித்துக்கொள்பவரிடம் எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மிக வயதானவர்களுக்கு மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் பேசுவது பாரம். 40 நிமிடமாக இரண்டு தடவை போவது அவருக்கும் நல்லது. இரண்டாம் தடவைதான் அவர் சொல்ல நினைத்தது வெளியே வரும்.

இரண்டாம் வகையில் ஒவ்வொருவருக்கும் அரை நாள் ஒதுக்குங்கள், அன்று வேறு வீடு வேண்டாம். மூன்றாம் வகை முழுவதையும் இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் அழைத்துவிடலாம். கடைசி வாரத்தில் வைத்தால் வர முடியாதவர்களைத் தனியே போய்ப் பார்க்க நாள் இருக்காது.

இன்னும் இரண்டு. நீங்கள் இல்லாத காலத்தில் யார் யார் தவறிப்போனார்கள், யார் பிரிந்து வாழ்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதைப் புறப்படும் முன்பே ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “சித்தப்பா எங்கே, தூங்குகிறாரா?” என்று கேட்டு நிற்கும் நிலை வரக் கூடாது. அடுத்து, “சாயங்காலம் வருகிறேன்” என்று சொல்லாதீர்கள். “4 மணிக்கு வந்து 6 மணிக்குக் கிளம்புவேன்” என்று சொல்லுங்கள். முடியும் நேரத்தை முன்கூட்டியே சொன்னால் கிளம்பும்போது மனத்தாங்கல் வராது.

கேள்வி: கிழக்கு நோக்கி 6 மணி நேர வித்தியாசம். போன முதல் நான்கு நாளும் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுகிறேன், இரவு 3 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உடலின் உள் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. அதனால் நாளை நீட்டுவது, அதாவது மேற்கே போவது அதற்குச் சுலபம். கிழக்கே போனால் நாளைச் சுருக்க வேண்டும், அதற்குத்தான் அடம்பிடிக்கிறது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு.

கடிகாரத்தை நகர்த்துவது வெளிச்சம். ஆனால் தப்பான நேரத்தில் பட்ட வெளிச்சம் அதைத் தப்பான பக்கம் தள்ளும். எல்லோரும் தவறுவது இங்கேதான். உடல் வெப்பம் மிகவும் குறையும் நேரம் ஒன்று உண்டு, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் கொண்டுவரும், அதற்கு முன்பு படுவது பின்னால் தள்ளும். நீங்கள் இருக்கும் நாட்டில் காலை 7 மணிக்கு எழுபவர் என்றால் அந்த நேரம் சுமார் நாலரை. போய் இறங்கிய நாட்டின் கடிகாரத்தில் அது காலை பத்தரை. ஆக, முதல் நாள் விடிகாலையில் எழுந்து வெயிலில் நடப்பது உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. பத்தரை வரை உள்ளே இருங்கள், வெளியே போக வேண்டியிருந்தால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பத்தரையிலிருந்து ஒன்றரை வரை திறந்த வெளியில் இருங்கள். மறுநாள் இதையே ஒன்பதரைக்கு, அதற்கு மறுநாள் எட்டரைக்கு. வித்தியாசம் 9 மணி நேரத்துக்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது மேற்கே போனதுபோல் நாளை நீட்டிப் பழகுவதே பலருக்கு எளிது.

பகல் தூக்கம் 30 நிமிடம், அலாரம் வைத்து. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், குடித்த காபியின் பாதி ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும். தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனின் மாத்திரை 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை, போன நாட்டின் படுக்கும் நேரத்தில் எடுத்தால் பலருக்கும் உதவுகிறது. மதியத்தில் எடுத்தால் தூக்கம்தான் வரும், புது நேரத்துக்குப் பழகுவதும் தாமதமாகும். வலிப்பு நோய் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சில நாடுகளில் இது மருந்துச் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும்.

முதல் மூன்று நாள் வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்கிறது. எந்த பாஸ்போர்ட்டை எங்கே காட்டுவது?

பதில்: உங்கள் சொந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சில நாடுகளில் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நாளிலேயே பழையது போய்விடும். அப்படிப்பட்ட நாட்டுக்குள் காலாவதி தேதி வராத பழைய பாஸ்போர்ட்டைக் காட்டி நுழைவது குற்றம். புதிய பாஸ்போர்ட்டோடு, தேவையான விசாவோ அனுமதியோ வாங்கித்தான் போக வேண்டும்.

இரண்டும் செல்லும் என்றால் வழக்கமான முறை இது: எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாட்டு பாஸ்போர்ட் அங்கே. விமான நிறுவனக் கவுன்டரில் காட்ட வேண்டியது, போய் இறங்கும் நாட்டுக்குள் உங்களை விடும் பாஸ்போர்ட். திரும்பும்போது சொந்த நாட்டுக் குடியேற்றப் பிரிவில் நுழைந்தபோது காட்டியதையே காட்டுங்கள். மாற்றிக் காட்டினால் உள்ளே வந்த பதிவே இல்லையே என்று நிறுத்துவார்கள். அதே நாள் விமானக் கவுன்டரில் மற்ற பாஸ்போர்ட்டைக் காட்டலாம், அது ஒளிவுமறைவு அல்ல.

சிக்கல் பெரும்பாலும் பெயரில் வரும். ஒன்றில் திருமணத்துக்கு முந்தைய பெயர், இன்னொன்றில் பிந்தையது. ஒன்றில் தந்தை பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். டிக்கெட் ஒரு பெயரில்தான் இருக்க முடியும் என்பதால் இரண்டையும் இணைக்கும் திருமணச் சான்று அல்லது பெயர் மாற்றச் சான்றின் அசலைக் கைப்பையில் வைத்திருங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று: ஒரு நாட்டின் குடிமகனாகவும் இருப்பவருக்காக அந்த நாட்டிடமே இன்னொரு நாடு தூதரகப் பாதுகாப்புக் கோர முடியாது என்று குடியுரிமை பற்றிய 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு சொல்கிறது. கட்டாய ராணுவ சேவை, நிலுவையில் உள்ள வழக்கு, குடும்ப வழக்கில் வெளியேறத் தடை போன்றவை இருந்தால் புதிய பாஸ்போர்ட் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டில் பிறந்த மகனையும் சில நாடுகள் தம் குடிமகனாகவே பார்க்கும். ராணுவ வயதை நெருங்கும் பையன் இருந்தால் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு வேண்டும். பயணத் தேதி, தங்கும் முகவரி, தொலைபேசி எண் அதில் இருக்கட்டும்.

கேள்வி: பரிசுப் பொருள்களால் பெட்டி எப்போதும் எடை கூடிவிடுகிறது. கவுன்டரில் தரையில் பெட்டியைத் திறந்து போட்டு நிற்கிறோம். வழி உண்டா?

பதில்: இரண்டு வகைக் கணக்கு இருக்கிறது. சில நிறுவனங்கள் பெட்டி எண்ணிக்கையில் கணக்கிடும், உதாரணமாக 23 கிலோவில் இரண்டு. சில மொத்த எடையில், உதாரணமாக 30 கிலோ எத்தனை பெட்டியானாலும். முதல் வகையில் ஒரு பெட்டி 26, இன்னொன்று 20 என்றால் மொத்தம் 46தானே என்று வாதாட முடியாது, 26க்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பெட்டியைப் பணம் கட்டினாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். தூக்குபவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. வீட்டு எடைமெஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை ஏறிக் கழியுங்கள். மெஷின்கள் ஒத்துப்போகாது என்பதால் ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள்.

பரிசுக்குக் காகிதம் சுற்றாதீர்கள், சோதனையில் பிரித்துவிடுவார்கள். புதுப் பெட்டியோடு இருக்கும் மின்னணுச் சாதனம் சுங்கத்தில் கேள்விக்கு வரும், ரசீது கையில் இருக்கட்டும். விதை, செடி, இறைச்சி, பால் பொருள்களுக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஆள் எண்ணிக்கையைவிட மூன்று பரிசு கூடுதலாகக் கொண்டுபோங்கள், பட்டியலில் இல்லாத ஒரு குழந்தை எப்படியும் வந்து நிற்கும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அதை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள், 74 வரும், பிரச்சினை இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது.

கேள்வி: பெட்டி வந்து சேரவில்லை என்றால்?

பதில்: விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் லக்கேஜ் கவுன்டரில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். தங்கும் வீட்டு முகவரியும் உள்ளூரில் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். அதுவரை வாங்கும் அவசியத் துணிமணிக்கு ரசீது சேர்த்து வையுங்கள். மருந்து, சாவி, பத்திரங்களைப் பெட்டியில் போடவே கூடாது. இன்சுலினும் அப்படித்தான், சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும்.

கேள்வி: நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு எதற்குத் தடுப்பூசியும் மலேரியா மாத்திரையும்?

பதில்: இந்த நம்பிக்கைதான் ஆபத்து. மலேரியா உள்ள இடத்தில் வளர்ந்தவர்களுக்கு வரும் பாதி எதிர்ப்புச் சக்தி, தொடர்ந்து தொற்று பட்டுக்கொண்டிருந்தால்தான் நிற்கும். சில ஆண்டு விலகியிருந்தால் தேய்ந்துவிடும். வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே கிடையாது. சுற்றுலாப் பயணிகளைவிட உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கே மலேரியாவும் டைபாய்டும் அதிகம் வருகின்றன. காரணம் எளிது: வீட்டில் தங்குகிறார்கள், அதிக நாள் இருக்கிறார்கள், வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், மருத்துவரைக் கேட்காமல் கிளம்புகிறார்கள்.

புறப்பட 4 முதல் 6 வாரம் முன்பு பயண மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் சான்று தேவைப்படும் நாடென்றால் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும். 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு வெளிநாட்டுப் பயணத்துக்காகத் தட்டம்மை ஊசியை முன்கூட்டியே ஒரு தடவை போடுவார்கள், அது வழக்கமான இரண்டு தவணையில் சேராது.

மலேரியா மாத்திரையில் மக்கள் தவறவிடுவது பின்பாதியை. அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற மாத்திரையைத் திரும்பிய பின்னும் 7 நாள், டாக்சிசைக்ளினை 4 வாரம் தொடர வேண்டும். திரும்பிவிட்டோமே என்று நிறுத்தினால், கடைசி வாரக் கொசுக்கடியில் வந்த கிருமி அதற்குப் பிறகு தலைதூக்கும். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போய், எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும், இபுப்ரோஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம்.

கேள்வி: போனதும் உள்ளூர் சிம் போடுகிறேன். வங்கியின் ஓடிபி வராமல் தவிக்கிறேன்.

பதில்: வழக்கமான சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் ஏற்கும் போனில் அது ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவுக்கு உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வர உங்கள் நிறுவனத்தில் ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும், அதைப் புறப்படும் முன்பே கேட்டுச் செய்யுங்கள். இன்னும் நல்லது, வங்கியின் உறுதிப்படுத்தும் முறையை எஸ்எம்எஸ்ஸிலிருந்து செயலிக்கு மாற்றிவிடுவது. புது சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பயணத்துக்கென்று விற்கும் இ-சிம் பலவற்றில் டேட்டா மட்டும்தான், அழைப்பு எண் கிடையாது. வயதானவர்கள் உங்களைச் சாதாரண போனில் கூப்பிட வேண்டும் என்றால் உள்ளூர் சிம்தான் வழி. கடை அட்டை மெஷின் “உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?” என்று கேட்டால், அந்த ஊர்ப் பணத்திலேயே என்று அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் மெஷின்காரர் வைப்பது.

கேள்வி: அம்மா அப்பாவுக்கு 78, 82. தொலைபேசியில் “நன்றாக இருக்கிறோம்” என்கிறார்கள். நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் இரண்டு நாளில் தெரிவது உண்மை நிலை அல்ல. நீங்கள் வந்த மகிழ்ச்சியில் அவர்கள் நன்றாகவே நடமாடுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து கவனியுங்கள், ஆனால் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். கண்டுபிடித்ததைச் சரிசெய்ய மருத்துவர், கொத்தனார், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் நாள் வேண்டும்.

நடையிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள், 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான செருப்போடு, கைத்தடி இருந்தால் அதோடு. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். எண்ணைவிட எப்படி எழுகிறார் என்பதைப் பாருங்கள்: கையை ஊன்றி இரண்டு மூன்று முயற்சியில் எழுகிறாரா, திரும்பும்போது சுவரைத் தேடுகிறாரா.

அடுத்து மருந்துப் பெட்டி. எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். இரண்டு மருத்துவர் எழுதிய இரண்டு பெயருள்ள மாத்திரை உள்ளே ஒரே மருந்தாக இருப்பது சகஜம், வணிகப் பெயரை விட்டு மூலப்பொருள் பெயரைப் படியுங்கள். வாங்கிய தேதியையும் மிச்சத்தையும் கணக்குப் போடுங்கள். 30 நாள் முன்பு வாங்கிய 30 மாத்திரையில் 14 இருந்தால், கிட்டத்தட்ட பாதி நாள் போடவில்லை. திட்ட வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். விழுங்க முடியவில்லை, தலை சுற்றுகிறது, விலை அதிகம் என்று காரணம் இருக்கும்.

ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடை 5 சதவீதம் தானாகக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பெல்ட்டில் புதிதாகப் போட்ட துளை, தொளதொளக்கும் ரவிக்கை, விரலில் சுழலும் மோதிரம் சொல்லிவிடும். நினைவாற்றலைக் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள், அவமானமாக இருக்கும். பிரிக்காத கடிதங்கள், இரண்டு தடவை கட்டிய அல்லது கட்டாத பில், பல படி உள்ள ஒரு சமையலை நடுவில் விட்டுவிடுவது ஆகியவற்றைக் கவனித்தால் போதும்.

குளியலறைக் கைப்பிடியைச் சுவரில் துளையிட்டுப் பொருத்துங்கள். உறிஞ்சி ஒட்டும் வகை ஒருநாள் பிடியை விடும், துண்டு போடும் கம்பி ஆள் எடை தாங்காது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. வழியில் கிடக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள், எடுக்க விடாவிட்டால் அடியில் வழுக்காத துணி போடுங்கள். கிளம்பும் முன் மருந்துப் பட்டியல், மருத்துவர் எண், ரத்த வகை, பக்கத்து வீட்டு எண் எல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், சுவரில்.

கேள்வி: 20 வருடம் கழித்துப் பள்ளித் தோழனைப் பார்க்கப் போகிறேன். பேச ஒன்றுமே இருக்காதோ என்று பயம்.

பதில்: பழைய கதை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அது இயல்பு. எதிரெதிரே உட்காராமல் நடந்துகொண்டோ, ஏதாவது வேலை செய்துகொண்டோ பேசுங்கள். முதல் சந்திப்புக்குக் குடும்பத்தை அழைத்துப் போகாதீர்கள், அறிமுகத்திலேயே நேரம் போய்விடும். “இப்போ என்ன பண்றே?” என்பது சம்பளம் கேட்பதுபோல் விழும். “போன வருஷம் எப்படிப் போச்சு?” என்று கேளுங்கள். அங்கே இது என்ன விலை என்ற பேச்சை அவராக எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள்.

கேள்வி: பிள்ளைக்கு மொழி வராது. உறவினர்கள் “பேசு, பேசு” என்கிறார்கள், அவன் அறைக்குள் போய்விடுகிறான்.

பதில்: கூட்டத்தில் பேசச் சொல்லவே கூடாது. புறப்படும் முன் 15 வாக்கியம் பழக்குங்கள்: போதும், இன்னும் வேண்டும், எனக்குத் தெரியாது, இது என்ன, வாங்க விளையாடலாம் போன்றவை. நாளுக்கு ஒரு வீடு என்று இழுத்துக்கொண்டு போகாமல், அவன் வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் தொடர்ந்து இரண்டு நாள் விடுங்கள். சீட்டோ பந்தோ போதும், மற்றது பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: போன ஒவ்வொரு தடவையும் கடன் கேட்கிறார்கள்.

பதில்: மொத்தம் எவ்வளவு தர முடியும் என்று விமானம் ஏறும் முன்பே கணவனும் மனைவியுமாக முடிவு செய்யுங்கள். திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையைக் கடனாக அல்ல, கொடையாகவே கொடுங்கள். கேட்ட இடத்தில் பதில் சொல்லாதீர்கள். “நாங்கள் இரண்டு பேரும் பேசிவிட்டு நாளை சொல்கிறோம்” என்று சொல்லிவிட்டு, நாளை தவறாமல் சொல்லிவிடுங்கள். இழுத்தடிப்பதுதான் மறுப்பைவிட வலிக்கும்.

கேள்வி: திடீரென்று துக்கச் செய்தி வந்தால் உடனே கிளம்ப என்ன தயாராக இருக்க வேண்டும்?

பதில்: வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் 6 மாதத்துக்குக் குறையாத காலம், விசா தேவை என்றால் பலமுறை போய்வரும் விசா, குடியிருப்பு அட்டையின் காலாவதி தேதி ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளுடைய பாஸ்போர்ட்தான் காலாவதியாகி இருக்கும், அவர்களுக்குப் பல நாடுகள் குறைந்த ஆண்டுகளுக்கே தருகின்றன. அவசரத்தில் இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்துச் சேர்க்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, மாற்று ஏற்பாடும் கிடைக்காது, நடுவில் உள்ள நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுக்க விசாவும் கேட்கலாம். ஒரே டிக்கெட்டில் வாங்குங்கள், திரும்பும் தேதியை மாற்றக்கூடியதாக. செய்தி வந்த உடனே, எத்தனை மணிக்கு வந்து சேர முடியும் என்பதை அங்கே முடிவெடுக்கும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். அவர்கள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், அவசரமாக ஓடுவதைவிட ஒரு வாரம் தள்ளிப் போய்ப் பத்து நாள் இருப்பது அந்த வீட்டுக்கு அதிகம் உதவும். வந்த கூட்டம் கலைந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வாரிசுச் சான்று என்று அலைய ஆள் தேவைப்படும்.